கதிர் பட்ட காளானைக் கண்டு பயம் ஏன்?

ஜாசின், அலோர்காஜா பக்கத் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்குச் செம்பனையின் அடிமரத்தில் தட்டையாக ஒட்டி வளரும் பளபளப்பான காளானைத் தெரியும். அது முளைத்துவிட்டால் மரம் தேறுவது அபூர்வம். அடித்தண்டு அழுகலைக் கொண்டுவரும் கானோடெர்மா அது. அதன் நெருங்கிய உறவுக்காரன்தான் காப்பிப் பொட்டலங்களில் நல்ல விலைக்குப் போகும் லிங்ஸி.

மருந்துக் காளான்களையும் சிப்பிக் காளானையும் காமாக் கதிர் பாய்ச்சி மேம்படுத்தும் ஆய்வுகள் பாங்கியில் உள்ள மலேசிய அணுசக்தி முகமையில் நடந்திருக்கின்றன. இதைச் சொன்னாலே, "சாப்பிட்டால் புற்றுநோய் வராதா?" என்று கேட்கிறார்கள். மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தவர் வீட்டுக்கு வந்து கதிர் வீசுகிறாரா? காமாக் கதிர் பட்ட காளான் இழையும் அப்படித்தான். கதிர் கடந்து போய்விடும். மரபணுவில் அது செய்த மாற்றம் மட்டுமே நிற்கும். படிவம் 5 உயிரியலில் நீங்கள் படிக்கும் திடீர்மாற்றம் இதுதான்.

இந்த உத்தி புதிதும் அல்ல. எக்ஸ்ரே கதிர் திடீர்மாற்றத்தை உண்டாக்கும் என்று முல்லர் பழ ஈயில் காட்டியது 1927இல். அமெரிக்காவின் பியோரியா நகரில் 1943இல் ஓர் அழுகிய முலாம்பழத்திலிருந்து எடுத்த பூஞ்சையை எக்ஸ்ரேயாலும் பிறகு புற ஊதாக் கதிராலும் மாற்றித்தான் பெனிசிலின் விளைச்சலைப் பெருக்கினார்கள். நம் நாட்டிலேயே எம்ஆர்219 நெல்லைக் கதிரால் மாற்றிப் புதிய ரகங்கள் எடுத்திருக்கிறார்கள்.

கதிர் பாய்ச்சுவது சுலபம். கஷ்டம் அதற்குப் பிறகுதான். பெரும்பாலான இழைகள் செத்துவிடும், அல்லது நலிந்துவிடும். காளான் இழையின் ஒவ்வோர் அறையிலும் பொதுவாக இரண்டு உட்கருக்கள் உண்டு. ஒன்றில் நேர்ந்த மாற்றத்தை மற்றது மறைத்துவிடக்கூடும். பிழைத்தவற்றைப் பிரித்து, தலைமுறை தலைமுறையாக வளர்த்து, குணம் நிலைக்கிறதா என்று பார்க்க வேண்டும். குருட்டு அதிர்ஷ்டத்தைப் பொறுமையால் வடிகட்டும் வேலை இது.

எனக்குப் பயம் வேறு இடத்தில். லிங்ஸி காப்பி குடித்தால் இனிப்புநீர் குறையும் என்று நம்பி மாத்திரையை நிறுத்துபவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். 2015இல் வெளியான காக்ரேன் மதிப்பாய்வு, இரண்டாம் வகை நீரிழிவுக்காரர்களுக்கு லிங்ஸி பயன் தரும் என்பதற்குச் சான்று இல்லை என்றுதான் சொன்னது. ஒரு காளான் ரகத்தில் மருந்துச் சத்து இரு மடங்கானாலும் அது நோயைத் தீர்க்கும் என்று ஆகிவிடாது. கதிரைப் பார்த்து அஞ்சும் நாம், பொட்டலத்தில் அச்சிட்டதைக் கேள்வியே கேட்காமல் விழுங்குகிறோம்.

காளான் பைகளை நிரப்பும் தூள் எது தெரியுமா? பால்மரத்தூள், அதோடு தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும். நம் தாத்தா பாட்டி வெட்டிய அதே மரம். கதிர் பாய்ச்சும் கூடம் பள்ளியில் இருக்காதுதான். ஆனால் இருபது பைகளில் எது முதலில் மொட்டு விடுகிறது, எது அதிக எடை தருகிறது என்று குறித்துவைக்க ஒரு தராசும் நோட்டுப் புத்தகமும் போதும். அறிவியல் மன்ற ஆசிரியரிடம் இந்த வாரமே கேட்டுப் பாருங்கள்.