பேனா நிற்கும் இடம்

"சொந்தத்தில் கல்யாணமா?" புதுச்சேரியில் கர்ப்பிணியிடமும் குழந்தையோடு வரும் தாயிடமும் நாம் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று இது. தாய்மாமன் என்றால் 'செகண்ட் டிகிரி', அத்தை மகன் என்றால் 'தேர்ட் டிகிரி' என்று கேஸ் ஷீட்டில் எழுதுகிறோம். பேனா அங்கேயே நின்றுவிடுகிறது.

தாய்மாமனை மணந்தவரின் குழந்தைக்கு உட்கலப்புக் கெழு 1/8. அத்தை மகனை மணந்தால் 1/16. ஒரே ஒரு திருமணத்தை வைத்துப் போட்ட கணக்கு இது. அம்மாவும் பாட்டியும் சொந்தத்திலேயே கட்டியவர்கள் என்றால் உண்மையான அளவு இன்னும் கூடும். மூன்று தலைமுறைக்கு வம்சாவளிப் படம் வரைந்தால்தான் அது கண்ணில் படும்.

இத்தகைய குடும்பங்களுக்கு நம் துறை பட்டிருக்கும் கடன் பெரிது. 2002இல் சிறுதலை நோய்க்குக் காரணமான ஏஎஸ்பிஎம் மரபணு கண்டறியப்பட்டது. அதன் இரு பிரதிகளும் பழுதானால் மூளையின் அமைப்பு பெரிதும் மாறுவதில்லை. அளவு மட்டும் வெகுவாகக் குறைகிறது. கருவின் மூளையில் மூலச்செல்கள் முதலில் தம்மைப் போன்றவற்றையே பெருக்கிக்கொண்டு, பிறகே நரம்புச் செல்களை ஈனுகின்றன. அந்தப் பெருக்கத்துக்கு இந்தப் புரதம் வேண்டும். மனித மூளை வளரும் விதம் பற்றிய இந்தப் பாடத்தை நமக்குத் தந்தவர்கள் பெரும்பாலும் நெருங்கிய உறவில் மணந்த பாகிஸ்தானியக் குடும்பத்தினர்.

குடும்பங்களுக்கு நாம் திருப்பித் தருவது என்ன? கிரகணத்தன்று வெளியே வந்தாள் என்ற பழியை இன்றும் தாய்தான் சுமக்கிறாள். ஒடுங்கு பிறழ்வில் அப்பா ஒரு பிரதி, அம்மா ஒரு பிரதி. பங்கு சமம், ஒவ்வொரு கர்ப்பத்திலும் பாதிப்புக்கான வாய்ப்பு 25 சதவீதம். இதைக் கணவரும் மாமியாரும் உடனிருக்கும்போதே சொல்ல வேண்டும்.

குறையோடு பிறந்த குழந்தை இறக்க நேர்ந்தால், பெற்றோரின் சம்மதத்துடன் டிஎன்ஏ மாதிரியைப் பாதுகாக்க வேண்டும். எந்தப் பிறழ்வு என்று தெரிந்தால்தான் அடுத்த கர்ப்பத்தில் 11ஆவது வாரத்திலிருந்தே நச்சுக்கொடித் திசுவில் அதைத் தேட முடியும். மாதிரி இல்லாவிட்டால், அந்தப் பெண் மறுபடியும் விடையின்றி ஒன்பது மாதம் காத்திருப்பாள்.

கடலூரிலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் கோரிமேட்டு ஜிப்மருக்கு நோயாளியை அனுப்பும் நண்பர்களே, கடிதத்துடன் வம்சாவளிப் படத்தையும் இணைத்து அனுப்புங்கள். அதை வரையப் பத்து நிமிடமும் ஒரு தாளும் போதும்.