கால்வாயின் அந்தக் கோடி

எம்.கே.பி. நகரில் யாராவது “எங்கேயாவது போய்ட்டு வரலாமா” என்று ஆரம்பித்தால் பேச்சு நேராக ஊட்டி, கொடைக்கானல் என்று போய், ரூம் வாடகையில் வந்து நின்றுவிடும். கணக்குப் போட்டு முடிப்பதற்குள் லீவும் முடிந்திருக்கும். எனக்கு மலையெல்லாம் வேண்டாம். ஒரு ஏரிக்கரை, எதிரே கண்ணுக்கெட்டிய வரை தண்ணீர், காலையில் போய் இருட்டுவதற்குள் வீடு. பழவேற்காடு போதும்.

கொருக்குப்பேட்டையில் கும்மிடிப்பூண்டி ரயில் ஏறி, பொன்னேரியில் இறங்கி, பஸ் பிடிக்க வேண்டும். எண்ணூர் தாண்டி, அத்திப்பட்டுப் பக்கத்துப் புகைபோக்கிகள் பின்னால் போனதும் காற்றில் நம் பேட்டை வாடை குறைவது மூக்குக்கே தெரியும்.

மூக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. நாம் கர்சீப்பை வைத்து மூடிக்கொண்டு தாண்டுகிறோமே பக்கிங்ஹாம் கால்வாய், அதுவும் வடக்கே இந்த ஏரிக்குத்தான் போகிறது. 1806இல் எண்ணூர் வரை வெட்டி முடித்தார்கள். பிறகு பழவேற்காடு, அப்புறம் ஆந்திரா என்று நீண்டது. தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு மண் சுமந்தவர்கள் 1877-78இல் கூவத்துக்கும் அடையாற்றுக்கும் நடுவே 8 கிலோமீட்டர் வெட்டி வடக்கையும் தெற்கையும் சேர்த்தார்கள். பேர் மட்டும் அப்போதைய ஆளுநருடையது. விறகும் உப்பும் அந்த வழியாகத் தோணியில் பட்டணத்துக்கு வந்தன. இன்று அதில் தோணி விட்டால் குப்பையில் தட்டி நிற்கும்.

இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிகாவுக்கு அடுத்துப் பெரியது பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது. நம் பங்குக்கு வந்த கரையில் உட்கார்ந்தாலே பொழுது போய்விடும். ஆழமில்லாத இடத்தில் பெண்கள் குனிந்தபடி நகர்கிறார்கள். பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டு, இரண்டு கைகளையும் சேற்றுக்குள் விட்டுத் துழாவுகிறார்கள். இறால் விரலில் பட்டதும் பிடித்துப் பறிக்குள் போடுகிறார்கள். கண்ணால் பார்ப்பதே இல்லை. வாயில் பறி இருப்பதால் பேச்சும் கிடையாது. நம் ஓய்வு நாள் அவர்களுக்கு வேலை நாள். உட்கார்ந்து வேடிக்கை பார்க்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும்.

வெயில் ஏறினால் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு நடக்கலாம். வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் வரவேற்கும். பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடிக்கும். துணி வியாபாரத்துக்கு வந்த டச்சுக்காரர்கள் 1613இல் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டியபோது, சென்னையில் ஆங்கிலேயர் கோட்டை என்ற பேச்சே இல்லை. டச்சுக்காரர் கோட்டை போய்விட்டது, கல்லறை நிற்கிறது.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். கரையில் யாராவது “ஒரு ரவுண்டு போலாமா சார்” என்று படகைக் காட்டினால் ஏறாதீர்கள். 2011 கிறிஸ்துமஸ் அன்று இந்த ஏரியில் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். மீன்பிடிக்கிற படகு மீன்பிடிக்கத்தான்.

பூநாரை பார்க்க ஆசையென்றால் மார்கழி, தை மாதங்களில் போங்கள். ஞாயிற்றுக்கிழமையைத் தவிருங்கள், பாதி பட்டணம் அங்கேதான் இருக்கும். பொன்னேரிக்குத் திரும்புகிற பஸ் எத்தனை மணிக்கு என்று, இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.