முதியோரின் கால்வலிமையும் அளக்கப்பட வேண்டும்

கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் வீட்டு வாசலிலேயே அளக்கும் வழக்கத்தைத் தமிழ்நாட்டில் வேரூன்றச் செய்திருக்கிறது. ஆனால், அறுபதைக் கடந்த ஒருவர் அடுத்த சில ஆண்டுகள் பிறர் கையை எதிர்பாராமல் வாழ்வாரா என்பதைச் சொல்லவல்ல கால்வலிமையும் நடைவேகமும் வழக்கமான பரிசோதனையில் இன்னும் இடம்பெறவில்லை. அவற்றையும் சேர்க்க அரசு முன்வர வேண்டும்.

அமெரிக்காவின் ராபர்ட்டா ரிக்லி, ஜெஸ்ஸி ஜோன்ஸ் ஆகிய இருவரும் 1990களின் இறுதியில் முதியோருக்கென வகுத்த உடல்திறன் சோதனைகளுள் எளியது நாற்காலிச் சோதனை. கைப்பிடியில்லாத, ஏறத்தாழ 43 செ.மீ. உயர நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே மடித்துக்கொண்டு, 30 விநாடிகளில் எத்தனை முறை முழுதாக எழுந்து நின்று உட்கார முடிகிறது என்று எண்ணுவதே அது. தொடையைத் தாங்கிப் பிடித்து எழுந்தால் கணக்கு பூச்சியம். கடைசி விநாடியில் பாதிக்கு மேல் எழுந்துவிட்டால் அது ஒரு முறையாகச் சேரும். எழுபது முதல் எழுபத்து நான்கு வயது வரையிலான ஆண் 12 முறைக்கும், பெண் 10 முறைக்கும் குறைவாக எழுந்தால் விழும் ஆபத்து கூடுதல் என்பது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணிப்பு. நாற்காலியிலிருந்து எழுந்து 3 மீட்டர் நடந்து, திரும்பி வந்து உட்காரும் மற்றொரு சோதனையில் 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் அதுவும் எச்சரிக்கையே.

எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் 'ஏதோ இருக்கேன்' என்று முடித்துக்கொள்ளும் தலைமுறைக்கு, வாய்ச்சொல்லைவிட இந்த எண்கள் உண்மையைச் சொல்லும். வயதோடு தசை கரைவதும் வலிமை குன்றுவதுமான தசை நலிவு வலியில்லாமல் வருவதால், குளியலறையில் வழுக்கி இடுப்பெலும்பு முறிந்த பிறகே பல குடும்பங்களுக்குத் தெரியவருகிறது. அது மீட்கவே முடியாத இழப்புமன்று: தொண்ணூறு வயதையொட்டிய முதியோர் இல்லவாசிகள் 8 வாரம் எடைப்பயிற்சி செய்ததில் அவர்களின் கால்வலிமை சராசரியாக 174 விழுக்காடு கூடியதாக 1990இல் வெளியான ஆய்வொன்று காட்டியது.

சுகாதாரத் தன்னார்வலர்களுக்கு ஏற்கெனவே பணிச்சுமை அதிகம் என்னும் மறுப்பு நியாயமானது. ஊக்கத்தொகையை உயர்த்தாமல் இதையும் அவர்கள் தலையில் கட்டுவது தகாது. சோதனையின்போதே முதியவர் விழக்கூடும் என்ற அச்சத்துக்கு, அருகில் ஒருவர் நிற்பதும், நெஞ்சுவலியோ தலைசுற்றலோ உள்ளவரைத் தவிர்ப்பதும் தீர்வாகும். குறைந்த எண்ணைப் பெற்றவரைத் திட்டத்திலேயே உள்ள இயன்முறை மருத்துவரிடம் அனுப்பாமல் பதிவேட்டை மட்டும் நிரப்புவதானால் இந்தச் சோதனையே வேண்டியதில்லை.

அமெரிக்க முதியோரை அளந்து வகுத்த எண்கள், வாழ்நாள் முழுதும் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுந்து பழகிய உடலுக்கு அப்படியே பொருந்தும் என்று கொள்ள முடியாது. ஆகவே, தமிழ்நாட்டு முதியோருக்குரிய அளவுகோலை மருத்துவக் கல்லூரிகள் வகுத்துத் தரும்வரை, ஒருவர் சென்ற ஆண்டு எழுந்த எண்ணிக்கையை இந்த ஆண்டின் எண்ணிக்கையோடு ஒப்பிட்டு, இரண்டு மூன்று குறைந்திருந்தாலே பயிற்சிக்கு அனுப்பும் நடைமுறையைச் சுகாதாரத் துறை உடனே தொடங்கலாம்.