சிநேகிதன் கொடுத்த கிட்னி



சிநேகத்திற்காக உயிர் விட்டவர்களின் கதைகளுக்கு நம் நாட்டில் பஞ்சமே கிடையாது. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்து செத்தான் என்றால், அவனை முன்பின் பார்த்திராத பிசிராந்தையாரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்து செத்தார் என்று புலவர்கள் இன்றைக்கும் மேடையில் மெய்சிலிர்க்கிறார்கள். கண்ணப்பன் தன் கண்ணைப் பிடுங்கிக் கல்லிலே அப்பினான் என்று பக்தர்கள் கண்ணீர் வடிக்கிறார்கள். சரி, நாம் கேட்பது ஒன்றுதான். பிசிராந்தையார் செத்ததனால் சோழன் பிழைத்தானா? கண்ணப்பன் கண்ணை வைத்துக்கொண்டு அந்தக் கல் எதையாவது பார்த்ததா?

ஒருவன் சாகும்போது இன்னொருவனும் கூடச் சாவதனால் யாருக்கு லாபம்? ஒருவன் சாகாமலிருக்க அவன் சிநேகிதன் என்ன செய்தான் என்பதல்லவா கணக்கு? அப்படிப்பட்ட ஒரு சங்கதியை இங்கு எழுதுகிறோம். இது புராணமல்ல, நடந்த வருஷமும் ஊரும் பெயரும் உள்ள விஷயம்.

அமெரிக்காவில் டல்லஸ் நகரத்தில் கௌபாய்ஸ் என்று ஒரு பந்தாட்டக் கோஷ்டி உண்டு. அவர்கள் ஆட்டத்திற்குக் கால்பந்து என்று பெயரே தவிர, பந்தைக் கையில் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓடுவதும், ஓடுகிறவனை மோதித் தள்ளுவதுமே அதில் அதிகம். 1979 முதல் 1984 வரை அந்தக் கோஷ்டியில் பந்தோடு ஓடினவர் ரான் ஸ்பிரிங்ஸ். 1981இல் எவர்சன் வால்ஸ் என்ற இளைஞர் வந்து சேர்ந்தார். இருவரும் கறுப்பு இனத்தவர். வால்ஸ் வந்த விதமே வேடிக்கை. அவ்வருஷம் கோஷ்டிகளெல்லாம் கூடிப் புதிய ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுத்தபோது ஒரு கோஷ்டியும் அவரைப் பொறுக்கவில்லை. அப்படி ஒதுக்கப்பட்டவர், முதல் வருஷத்திலேயே எதிரிகள் வீசிய பந்தை 11 தடவை நடுவிலே பறித்து அந்தத் தேசத்திலேயே முதலாவதாக நின்றார். யோக்கியதையை அளக்கிறவர்கள் எந்த நாட்டிலும் இப்படித்தான் அளக்கிறார்கள் போலும்!

சேர்ந்து ஆடியது நாலு வருஷம். சிநேகமோ அதற்குப் பிறகும் 20 வருஷத்திற்கு மேல் நீடித்தது. ஸ்பிரிங்ஸுக்கு நீரிழிவு வியாதி. அது அவருடைய பாதம் ஒன்றை வாங்கிற்று, கைகளை முடக்கிற்று, கடைசியில் இரண்டு கிட்னிகளையும் கெடுத்து, டயாலிசிஸ் என்று சொல்லப்படும் இரத்தம் சுத்தி செய்யும் யந்திரத்தண்டை அவரைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. அவருடைய மகனும் அதே ஆட்டத்தில் பேர் பெற்றவர். தன் கிட்னியைத் தருகிறேன் என்றார். மகனுடைய ஆட்டம் கெட்டுப்போகுமென்று தகப்பனார் வேண்டாமென்று சொல்லிவிட்டார். பிறகு வால்ஸ் தம்மைப் பரீட்சை செய்துகொண்டார், பொருந்தியது. 2007 பிப்ரவரியில் 47 வயது வால்ஸின் கிட்னி 50 வயது ஸ்பிரிங்ஸின் உடம்பில் வைக்கப்பட்டது.

"சொந்த இரத்தம், சொந்த இரத்தம்" என்று சொல்லியே ஜாதியையும் குலத்தையும் கட்டிக் காப்பவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கட்டும். டாக்டர் பார்ப்பது இரத்த வகையையும், உடம்பின் அணுக்கள் ஒன்றையொன்று ஏற்குமா என்பதையும்தான். ஒரே வயிற்றில் பிறந்தவனுக்குப் பொருந்தாதது பக்கத்துத் தெருக்காரனுக்குப் பொருந்தலாம். கோத்திரம் எழுத அந்தக் காகிதத்தில் இடமே இல்லை. நிறம் எழுத மட்டும் அமெரிக்காவில் இடம் இருந்தது! கிட்னி எவ்வளவு வேலை செய்கிறது என்று கணக்கிடும் சூத்திரத்தில் கறுப்பருக்கு மாத்திரம் ஒரு தனிப் பெருக்கல் வைத்திருந்தார்கள். அதனால் கெட்ட கிட்னியும் கணக்கில் நல்லதாகத் தெரிந்து, கறுப்பர்கள் மாற்றுக் கிட்னிக்காகக் காத்திருப்போர் ஜாபிதாவில் ஏறத் தாமதமாயிற்று. 2021இல் டாக்டர்களின் சங்கங்களே இது தப்பென்று கண்டு எடுக்கச் சொல்லின. 2023 முதல், இழந்த காலத்தை அந்த ஜனங்களுக்குச் சேர்த்துக் கொடுக்கவும் ஏற்பாடு செய்தார்கள். சாஸ்திரத்தில் தப்பு நுழைந்தால் சாஸ்திரக்காரர்களே அதைத் திருத்துகிறார்கள். மனுவின் கணக்கை எந்த மடம் திருத்திற்று?

கொடுத்தவன் கதி என்ன என்று கேட்பீர்கள். 1954 டிசம்பரில் பாஸ்டன் நகரில் டாக்டர் ஜோசப் மர்ரே முதன்முதல் வெற்றியோடு கிட்னி மாற்றியபோது, கொடுத்தவர் ரொனால்ட் ஹெரிக், பெற்றவர் அவருடைய இரட்டைச் சகோதரர் ரிச்சர்ட். பெற்றவர் எட்டு வருஷம் கூடுதலாக வாழ்ந்தார். கொடுத்தவர் ஒற்றைக் கிட்னியோடு 56 வருஷம் வாழ்ந்து, 2010இல் தம் 79ஆம் வயதில் இறந்தார். ஆபத்தே இல்லையென்று நாம் சொல்ல வரவில்லை. கொடுப்பவர்களில் 10,000க்கு 3 பேர் இறப்பதாக 2010இல் அமெரிக்காவில் கணக்கெடுத்தார்கள்; 2024இல் எடுத்த கணக்கில் அது ஒன்றுக்கும் கீழே இறங்கியிருக்கிறது. இருக்கிற ஆபத்தை மறைக்காமல் சொல்லி, கேட்டவன் யோசித்துக் கொடுத்தால்தான் அதற்குக் கொடை என்று பெயர்.

ஸ்பிரிங்ஸின் கதை சுபமாக முடியவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். அதே 2007 அக்டோபரில் கையிலிருந்த ஒரு கட்டியை எடுக்கப் போன இடத்தில் நினைவு தப்பினவர், திரும்ப விழிக்கவேயில்லை. 2011 மே மாதம் இறந்துபோனார். "பார்த்தீர்களா, தலைவிதியை யார் வெல்ல முடியும்?" என்று நம் ஜோசியர்கள் ஓடி வருவார்கள். ஐயா, தலைவிதியின் பேரில் உமக்கு அவ்வளவு நம்பிக்கையிருந்தால், உமக்குக் காய்ச்சல் வந்தபோது டாக்டரிடம் போனதேன்? வேறொரு சத்திர சிகிச்சையில் நேர்ந்த விபத்தினால் வால்ஸ் செய்த காரியம் வீணாகிவிடாது. சிநேகிதர்கள் இருவரும் நீரிழிவைப் பற்றியும் கிட்னியைப் பற்றியும் ஜனங்களுக்குச் சொல்ல ஒரு ஸ்தாபனம் ஏற்படுத்தினார்கள். வால்ஸ் இந்தச் சிநேகத்தைப் பற்றிப் புஸ்தகமும் எழுதினார்.

பெற்ற உயிருக்குக் கைம்மாறு என்ன? நம்மவன் பிழைத்தால் மொட்டை போடுவான்; காவடி எடுப்பான்; கத்தி பிடித்த டாக்டரை மறந்து உண்டியலை நிரப்புவான். மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று பாருங்கள். ஐவன் கிளாஸ்னிச் என்ற குரோஷியா நாட்டுக் கால்பந்துக்காரருக்கு 2007இல் தாயார் கொடுத்த கிட்னி ஒட்டவில்லை. தகப்பனார் கொடுத்தது ஒட்டியது. மறு வருஷம் ஐரோப்பியப் போட்டியில் தன் தேசத்துக்காக ஆடி கோல் போட்டார். உறுப்பு மாற்றிக்கொண்டவர்களுக்கென்றே 1978இல் இங்கிலாந்தில் போர்ட்ஸ்மவுத் நகரில் டாக்டர் மாரிஸ் ஸ்லாபக் ஆரம்பித்த விளையாட்டு விழா, 2025இல் ஜெர்மனியில் டிரெஸ்டனில் நடந்தது. செத்துப்போவான் என்று வீட்டார் கைவிட்ட ஆள் நூறு கஜம் ஓடுவதைப் பார்க்கிற ஜனங்களுக்கு வேறு பிரசங்கம் எதற்கு?

சங்கீதத்திலும் உண்டு. செலீனா கோமஸ் என்ற பாடகிக்கு 2017இல் கிட்னி கொடுத்தவர் அவருடைய தோழியான நடிகை பிரான்சியா ராய்சா. பெற்றவர் திரும்பவும் பாடி, 2019இல் தம் பாட்டொன்றை அமெரிக்காவின் முதல் ஸ்தானத்திற்குக் கொண்டுவந்தார். 2022இல் இருவருக்கும் மனஸ்தாபமென்று பத்திரிகைகள் வம்பளந்தன. "கிட்னி வாங்கினவள் நன்றி கெட்டவள்" என்று ஆளுக்கொரு தீர்ப்பு! மறு வருஷமே இருவரும் கூடிக்கொண்டார்கள்; அது வேறு விஷயம். கூடாமலே இருந்திருந்தாலும் என்ன? கிட்னி கொடுத்தவளுக்குக் காலமெல்லாம் அடிமைப்பட்டிருக்க வேண்டுமென்றால் அது கொடையல்ல, வட்டிக்கடை.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 1994ஆம் வருஷத்துச் சட்டப்படி நெருங்கிய உறவல்லாதவர் அன்பினால் உறுப்புக் கொடுக்கலாம்; ஆனால் அதற்கென்ற கமிட்டி ஒப்ப வேண்டும். இருவரும் சேர்ந்திருக்கிற பழைய போட்டோ எங்கே, மூன்று வருஷ வருமானம் எவ்வளவு, நடுவில் தரகன் உண்டா என்று துருவித் துருவிக் கேட்பார்கள். கேட்கட்டும். சென்னையில் வில்லிவாக்கத்தைக் "கிட்னிவாக்கம்" என்று ஊரார் அழைத்த காலத்தை நாம் மறக்கவில்லை. 2025இலும் நாமக்கல் ஜில்லா பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்கள் கடனுக்காகக் கிட்னி விற்ற கதை வெளியாயிற்று. பசியினால் கொடுப்பது கொடையாகாது.

ஆனால் சிநேகிதனை இவ்வளவு சந்தேகிக்கிற சட்டம் உறவை ஏன் இவ்வளவு நம்புகிறது? நம் தேசத்தில் 2019ஆம் வருஷத்துக் கணக்கை ஆராய்ந்த டாக்டர்கள், உயிரோடு உறுப்புக் கொடுத்தவர்களில் ஏறக்குறைய 100க்கு 80 பேர் பெண்கள் என்றும், பெற்றவர்களில் 100க்கு 80 பேர் ஆண்கள் என்றும் கண்டார்கள். மனைவி கொடுக்கிறாள், தாய் கொடுக்கிறாள். அன்பினால் கொடுப்பவர்கள் பலர் உண்டு. அவர்களை நாம் வணங்குகிறோம். ஆனால் "முடியாது" என்று சொன்னால் அந்த வீட்டில் அவளுக்குச் சோறு கிடைக்குமா? ஸ்பிரிங்ஸுக்கு வால்ஸ் மறுத்திருந்தால் யாரும் அவரை வீட்டைவிட்டுத் துரத்தியிருக்க முடியாது. மறுக்கக் கூடியவர் கொடுத்தார். அதனால்தான் அது பெரிய காரியமாயிற்று.

பெண் கொடுப்பதானால் அவளுடைய சம்மதத்தை, பெறுகிறவர் அல்லாத வேறொருவர் மூலம் உறுதி செய்ய வேண்டுமென்று விதியில் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள். நல்லது. அந்த வேறொருவர் அவள் மாமியாராக இருந்தால்? அமெரிக்காவில் 2007ஆம் வருஷத்து விதிப்படி, கொடுப்பவர் பக்கம் நின்று பேச ஆஸ்பத்திரியில் தனியாக ஒரு ஆள் உண்டு. நோயாளிக்கு வைத்தியம் செய்யும் கூட்டத்தில் அவர் சேரமாட்டார். கொடுக்க மனமில்லாதவருக்கு, "உங்கள் உடம்பு இதற்குத் தகாது" என்று டாக்டரே எழுதிக் கொடுத்து, வீட்டாரின் வாயை அடைத்துவிடுவதும் அங்கே வழக்கம். அப்படிப்பட்ட ஒரு ஆளை நம் ஆஸ்பத்திரிகளில் வைத்து, மாமியாரும் மைத்துனனும் வெளியே நிற்க, கதவைச் சாத்திக்கொண்டு அந்தப் பெண்ணோடு அரைமணி நேரம் பேசச் செய்வதற்குச் சர்க்காருக்கு என்ன பெரிய செலவாகிவிடும்?