உல்லாசக் கப்பலுக்கு 20 கோடி லிட்டர் தண்ணீர்!

கப்பல் மலை ஏறுமா?

ஏறும்! பனாமா கால்வாயில் தினமும் ஏறுகிறது. 85 அடி உயரம் ஏறி, ஓர் ஏரியைக் கடந்து, மறுபக்கம் இறங்கி மீண்டும் கடலுக்குப் போகிறது.

இந்த வேடிக்கையைப் பார்ப்பதற்கென்றே பல தேசத்து ஜனங்களும் உல்லாசக் கப்பலில் சீட்டு எடுத்து வருகிறார்கள். வரட்டும். பார்க்க வேண்டிய காட்சிதான். ஆனால் அந்தக் கப்பல் ஏறி இறங்க ஆகும் தண்ணீர், யார் வீட்டுத் தண்ணீர்?

தண்ணீர்ப் படிக்கட்டு

வட அமெரிக்காவையும் தென் அமெரிக்காவையும் சேர்க்கும் ஒடுக்கமான நிலம், பனாமா. ஒரு பக்கம் அட்லாண்டிக் சமுத்திரம். மறுபக்கம் பசிபிக் சமுத்திரம். குறுக்கே சுமார் 80 கிலோ மீட்டர் நீளத்துக்குக் கால்வாய்.

1914-ம் ஆண்டு ஆகஸ்டு 15-ந்தேதி இது திறக்கப்பட்டது. அதற்கு முன் நியூயார்க்கிலிருந்து சான்பிரான்சிஸ்கோவுக்குப் போகும் கப்பல், தென் அமெரிக்காவின் அடிமுனை வரை போய்ச் சுற்றி வர வேண்டும். கால்வாய் வந்த பிறகு சுமார் 13 ஆயிரம் கிலோ மீட்டர் மிச்சம்!

சூயஸ் கால்வாயில் மேடு கிடையாது. கடல் தண்ணீரே நேராக ஓடுகிறது. பனாமாவில் நடுவே மலை நிற்கிறது. சூயஸ் கால்வாயை உருவாக்கிய லெசெப்ஸ், இங்கேயும் மலையை அடிவரை வெட்டிவிடலாம் என்று 1881-ல் வேலையைத் தொடங்கினார். வெட்ட வெட்ட மண் சரிந்தது. மஞ்சள் காய்ச்சலும் மலேரியாவும் ஆட்களைக் கொத்துக் கொத்தாகக் கொண்டு போயின. 1889-ல் கம்பெனி திவாலானது.

1904-ல் அமெரிக்கர்கள் வந்தார்கள். மலையை அடிவரை வெட்டுவதை விட்டார்கள். சாக்ரெஸ் ஆற்றை மறித்து அணை கட்டினார்கள். கட்டூன் ஏரி உண்டாயிற்று. ஏரி வரைக்கும் கப்பலைத் தூக்கிவிட வழி செய்தார்கள்.

தூக்குவது எப்படி? மூன்று பெரிய தொட்டிகள், படிக்கட்டு மாதிரி அடுத்தடுத்து இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஆயிரம் அடி நீளம், 110 அடி அகலம். கப்பல் முதல் தொட்டிக்குள் நுழைந்ததும் இரும்புக் கதவைச் சாத்துகிறார்கள். மேலேயிருந்து தண்ணீரைத் திறந்து விடுகிறார்கள். தண்ணீர் ஏற ஏறக் கப்பலும் ஏறுகிறது. சுமார் பத்து நிமிஷம்தான்! பிறகு அடுத்த தொட்டி. பிறகு அதற்கு அடுத்தது.

பம்பு கிடையாது. ஏரி மேட்டில் இருக்கிறது. தண்ணீர் தானாகவே கீழே ஓடி வருகிறது.

சில உல்லாசக் கப்பல்கள் 106 அடி அகலம். 110 அடித் தொட்டியில் பக்கத்துக்கு இரண்டு அடிதான் இடைவெளி. மேல்தளத்தில் நிற்கிற பிரயாணி, சுவரைக் கையால் தொட்டுவிடலாம் போலிருக்கிறதே என்று நினைப்பார். இரு கரையிலும் மின்சார எஞ்சின்கள் கம்பி கட்டிக் கப்பலை நேராகப் பிடித்துக்கொண்டு வருகின்றன. அந்த எஞ்சின்களுக்கு அங்கே என்ன பெயர் தெரியுமா? கோவேறு கழுதை!

(இன்னொரு வேடிக்கை. பனாமா நிலம் வளைந்து கிடப்பதால், மேற்கே இருக்க வேண்டிய பசிபிக் கடலில் அங்கே சூரியன் உதிக்கிறது!)

ஒன்றேகால் கோடிக் குடம்

ஒரு கப்பல் ஒரு கடலிலிருந்து மறு கடலுக்குப் போவதற்குள் சுமார் 20 கோடி லிட்டர் ஏரித் தண்ணீர் கடலுக்குப் போய்விடுகிறது. குடத்துக்கு 15 லிட்டர் என்று கணக்குப் போடுங்கள். ஒன்றேகால் கோடிக் குடத்துக்கும் மேலே! அத்தனையும் நல்ல தண்ணீர். பனாமா நகரமும் கொலோன் நகரமும் குடிப்பது இந்தத் தண்ணீரைத்தான்.

"கடலில் இல்லாத தண்ணீரா? அதை இறைத்து ஏற்றினால் என்ன?" என்று கேட்கலாம். ஏற்றினால் ஏரி உப்பாகிவிடும். பிறகு குடிக்கிறவன் எங்கே போவான்?

2016-ல் பெரிய கப்பல்களுக்கென்று புதிய தொட்டிகளைத் திறந்தார்கள். பக்கத்தில் குளங்கள் கட்டி, நூற்றுக்கு 60 பங்கு தண்ணீரைத் திரும்பவும் உபயோகிக்கிறார்கள். கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு. ஆனால் தொட்டி பெரிதாகிவிட்டதே! ஆகையால் மொத்தச் செலவு பழைய கணக்கைவிடச் சற்றே குறைவு, அவ்வளவுதான்.

2023-ல் மழை பொய்த்தது. ஏரி வற்றியது. வழக்கமாக நாளைக்கு 36 கப்பல் வரை போகும் கால்வாயில், அந்த ஆண்டுக் கடைசியில் 24 கப்பலுக்கும் கீழே இறக்கிவிட்டார்கள். கடலில் கப்பல்கள் வரிசை கட்டி நின்றன. முந்திப் போக ஏலம் விட்டார்கள். ஒரு கப்பல் ஏறக்குறைய 40 லட்சம் டாலர் கொடுத்து முந்திச் சென்றது! 2024-ல் மழை பெய்த பிறகுதான் நிலைமை சீரானது.

பாதி வழிப் பிரயாணம்

என் குறையைச் சொல்லிவிடுகிறேன். சரக்குக் கப்பல் கோதுமை கொண்டு போகிறது, எரிவாயு கொண்டு போகிறது. அது வந்து சேராவிட்டால் எங்கேயோ ஓர் ஊரில் விலை ஏறும். உல்லாசக் கப்பல் ஒரு நாள் தாமதித்தால் யார் வீட்டு அடுப்பு அணையும்?

அதிலும் பாதி வழிப் பிரயாணம் என்று ஒன்று இருக்கிறது. அட்லாண்டிக் பக்கத்திலிருந்து கப்பல் கட்டூன் ஏரிக்கு ஏறும். ஏரியில் சற்று நேரம் நிற்கும். திரும்பி, வந்த வழியே இறங்கிவிடும். பசிபிக் பக்கம் போவதே இல்லை! ஏறும்போதும் ஏரித் தண்ணீர் கீழே போகிறது, இறங்கும்போதும் போகிறது. முழுக் கால்வாயைக் கடக்கும் கப்பலுக்கு ஆகிற செலவு, எங்கும் போகாத இந்தக் கப்பலுக்கும் ஏறக்குறைய ஆகிறது.

காலமும் சரியில்லை. உல்லாசக் கப்பல்கள் அதிகம் வருவது அக்டோபரிலிருந்து ஏப்ரல் வரை. பனாமாவில் மழை குறைந்த மாதங்கள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை. ஏரி இறங்குகிற நேரம் பார்த்து விருந்தாளி வருகிறார்!

கால்வாய்க்காரர்கள் பக்கத்திலும் நியாயம் உண்டு. மொத்தக் கப்பல்களில் உல்லாசக் கப்பல்களின் பங்கு மிகச் சிறியது. கால்வாய் வரும்படியால்தான் பனாமா அரசுக்குப் பெரும் பணம் சேருகிறது. அமெரிக்காவிடமிருந்து 1999-ம் ஆண்டு டிசம்பர் 31-ந்தேதிதான் கால்வாய் அவர்கள் கைக்கு முழுவதும் வந்தது. சொந்தச் சொத்தில் சம்பாதிக்க வேண்டாம் என்று யார் சொல்ல முடியும்? அடைமழைக் காலத்தில் ஏரி நிரம்பி வழியும்போது எத்தனை கப்பல் ஏறினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

ஆனால் தண்ணீர் போதவில்லை என்று இப்போது இன்னோர் அணை கட்டப் போகிறார்கள். இண்டியோ ஆற்றின் குறுக்கே அணை. அங்கே சுமார் 2,000 பேர் ஊரை விட்டுப் போக வேண்டியிருக்கும். 2025-ல் அந்த விவசாயிகள் எதிர்த்துக் கிளம்பினார்கள். நூறு வருஷத்துக்கு முன் கட்டூன் ஏரி நிரம்பியபோதும் ஊர்கள் மூழ்கின. அமெரிக்கர் வேலை நடத்திய காலத்தில் மட்டும், அவர்கள் கணக்குப்படியே, 5,609 பேர் மாண்டார்கள். பார்படோஸ் முதலிய தீவுகளிலிருந்து கூலிக்கு வந்த கறுப்பர்களே அவர்களில் அதிகம். வெள்ளையருக்குத் தங்கத்தில் சம்பளம், இவர்களுக்கு வெள்ளியில்! கால்வாய் கேட்டதையெல்லாம் ஏழைகளே கொடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டைக் காலி செய்யச் சொல்லுமுன், பாதி வழிக் கப்பலை நிறுத்திப் பார்க்கக் கூடாதா?

வறட்சி வருஷத்தில் முதலில் நிற்க வேண்டியது பாதி வழிக் கப்பல். அப்போதும் தண்ணீர் போதாவிட்டால், முழு வழி போகும் உல்லாசக் கப்பல். சரக்குக் கப்பலைத் தொடுவது அதற்குப் பிறகுதான் இருக்க வேண்டும்.

பணம் கட்டிய பிரயாணிகள் ஏமாந்து போவார்களே என்கிறீர்களா? ஏமாற வேண்டாம். கப்பல் கொலோன் துறைமுகத்தில் நிற்கட்டும். அங்கிருந்து பஸ்ஸில் போனால் புதிய தொட்டிகளின் கரையிலேயே, கப்பல் ஏறுவதைப் பார்க்க மேடை கட்டி வைத்திருக்கிறார்கள். குழந்தை குட்டிகளோடு உட்கார்ந்து, சரக்குக் கப்பல் மலை ஏறுவதை ஆற அமரப் பார்க்கலாம். தொட்டிக்குள் இருப்பவனைவிடக் கரையில் இருப்பவனுக்குத்தான் கப்பல் ஏறுவது நன்றாகத் தெரியும்.

டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிட வேண்டும்: ஏரியில் தண்ணீர் இருந்தால் கப்பல், இல்லாவிட்டால் பஸ்.