திரும்பி வர வேண்டிய வாடிக்கையாளர்

வணிகப் பெருமக்களே! தூத்துக்குடி முதல் நாகை வரை, கையடக்க ஜி.பி.எஸ். கருவி வாங்க வரும் நாட்டுப்படகு மீனவர், "எது நல்லது, அண்ணாச்சி?" என்று நம்மை நம்பித்தான் கேட்கிறார். லாபம் அதிகமுள்ளதை எடுத்து நீட்டுவது முறையாகாது.

வண்ணத்திரையைக் காட்டி மயக்க வேண்டாம். ஈரக் கைக்குத் தொடுதிரை ஒத்துவராது. பட்டன் உள்ளதே நலம். 'ஐ.பி.எக்ஸ்.7' என்ற குறி, 1 மீட்டர் ஆழ நீரில் 30 நிமிடம் தாங்கும் என்பதற்கே. உப்புநீருக்கு அது உத்தரவாதமல்ல. பேட்டரியை மாற்றிப் போடும் வசதி அவசியம்.

1974, 1976 ஒப்பந்தங்கள் வகுத்த இந்திய – இலங்கைக் கடல் எல்லை கண்ணுக்குத் தெரியாது. நெருங்கும் முன்பே ஒலியெழுப்பும் வசதி உள்ள கருவியைத் தேர்ந்து கொடுப்போம். திசைகாட்டியும் உடன் இருக்கட்டும் என்று சொல்லி அனுப்புவோம்.

பருப்பில் கல் இருந்தால் வாடிக்கையாளர் திரும்பி வந்து சண்டை போடுவார். இந்தச் சரக்கில் குறை இருந்தால் அவர் திரும்பி வராமலே போகலாம். ஆகவே இயக்கிக் காட்டி, ரசீதும் உத்தரவாதச் சீட்டும் கொடுத்து விற்போம். நாணயமே நமக்கு முதல்.