விசில் யாருக்கு? கரவெட்டியிலிருந்து ஒரு வேண்டுகோள்

பொழுதுபடும் நேரத்தில் நெல்லியடியில் கொழும்பு பஸ்ஸுக்கு ஏறும் ஒரு குடும்பத்தை எல்லோரும் பார்த்திருப்பார்கள். தாய், தகப்பன், நாலாம் வகுப்புப் படிக்கிற மகன், தாயின் மடியில் சின்னவள். பஸ் ஏ-9 வீதியில் வேகம் பிடித்ததும் சாரதிக்குப் பின்னால் தொங்குகிற ரீவியில் படம் தொடங்கும். புதுப் படம். பத்து நிமிடத்துக்குள் முதல் கழுத்து அறுபடும். தாய் சின்னவளின் கண்ணைப் பொத்துவாள். மற்றக் கை பையைப் பிடித்திருக்கும். மகன் இருக்கை விளிம்பில் முன்னுக்குச் சரிந்து பார்த்துக்கொண்டிருப்பான். நாயகன் வாளைத் துடைத்துவிட்டு நடந்து வரும்போது பின் இருக்கையிலிருந்து ஒரு விசில் கிளம்பும். பெடியன் திரும்பி, விசிலடித்தவரைப் பார்த்துச் சிரிப்பான்.

இந்த வேண்டுகோள் அந்த விசிலைப் பற்றியது.

கரவெட்டி, துன்னாலை, வதிரி, நெல்லியடிப் பகுதிகளைச் சேர்ந்த பெற்றோர் சிலரும் முன்பள்ளி ஆசிரியைகளும் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் சேர்ந்து ஊரவர்களிடம் இதை முன்வைக்கிறார்கள். இவர்கள் சினிமாவுக்கு எதிரிகள் அல்லர். ரஜினி படத்துக்கு வரிசையில் நின்று ரிக்கற் வாங்கியவர்களும் இவர்களுள் உண்டு. தமிழ் சினிமாவை அறிவுலகம் மதித்துப் பேசத் தயங்கிய காலத்தில் அதை ஆராய்ந்து 1981இல் ஆங்கிலத்தில் நூல் எழுதிய பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி பிறந்ததும் இதே கரவெட்டியில்தான். தமிழர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து பார்த்த முதல் அரங்கு சினிமாக் கொட்டகைதான் என்று சுட்டிக்காட்டியவர் அவர். அந்தக் கூரையைப் பிரிக்க இவர்கள் கேட்கவில்லை. அதன்கீழ் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதைத்தான் நினைவூட்டுகிறார்கள்.

அண்மைக் காலப் படங்களைப் பார்த்தாலே கவலையின் காரணம் விளங்கும். 2023 ஓகஸ்டில் வந்த ‘ஜெயிலர்’ படத்தில் தலை துண்டாகிறது. அதே ஆண்டு ஒக்ரோபரில் வந்த ‘லியோ’வில் இரத்தத்துக்குக் குறைவில்லை. இரண்டுக்கும் இந்தியத் திரைப்படச் சான்றிதழ் வாரியம் கொடுத்தது ‘யு/ஏ’. பெரியவர்களின் வழிகாட்டலோடு பிள்ளைகளும் பார்க்கலாம் என்பது அதன் பொருள். 2025 ஓகஸ்ட் 14இல் வெளியான ‘கூலி’க்கு வன்முறையைக் காரணம் காட்டி, பெரியவர்களுக்கு மட்டும் என்ற ‘ஏ’ கொடுத்தார்கள். தயாரிப்பு நிறுவனம் சும்மா இருக்கவில்லை. ‘யு/ஏ’ வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. அந்த மாதம் 28ஆம் திகதி நீதிமன்றம் மனுவைத் தள்ளுபடி செய்தது. பிள்ளைகளையும் கொட்டகைக்குள் விட வேண்டும் என்பதற்காக ஒரு பெரிய நிறுவனம் வழக்காடியிருக்கிறது என்பதை ஊரவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். 2024 டிசெம்பரில் வந்த மலையாளப் படமான ‘மார்கோ’வைத் தொலைக்காட்சியில் காட்ட இந்திய வாரியம் அனுமதி மறுத்தது. வீட்டுக் கூடத்துக்குள் வர முடியாத அளவுக்கு அதில் வன்முறை இருந்தது.

ஆனால் இந்தச் சான்றிதழ்களெல்லாம் கொட்டகை வாசலோடு நின்றுவிடுகின்றன. இலங்கையில் பொது அரங்காற்றுகைக்கென 1912ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வானொலியே இல்லாத காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சட்டம் இன்று பிள்ளையின் உள்ளங்கைக்குள் எப்படி எட்டிப்பார்க்கும்? 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளிக்கூடங்கள் பூட்டப்பட்டபோது பாடம் போனுக்குள் வந்தது. கடன்பட்டும் போன் வாங்கிக் கொடுத்தார்கள் பெற்றோர். கனடாவிலும் லண்டனிலும் இருந்து மாமாமார் பழையதை அனுப்பினார்கள். பள்ளிக்கூடம் திறந்தபிறகும் அந்தப் போன் பிள்ளையின் கையைவிட்டுப் போகவில்லை. பாடம் இருந்த இடத்தில் பப்ஜியும் பிரீ பயரும் வந்தன. நூறு பேரை ஒரு தீவில் இறக்கி, கடைசியில் உயிரோடு நிற்பவனே வென்றவன் என்று சொல்லும் விளையாட்டு பப்ஜி. இந்தியா 2020 செப்ரெம்பரில் அதைத் தடைசெய்தது. ஒரு விளையாட்டைத் தடுத்தால் இன்னொன்று முளைக்கும் என்பது பிள்ளைகளுக்கே தெரியும். அதனால் இவர்களின் வேண்டுகோளில் தடை என்ற சொல் இல்லை.

‘நாங்களும் எம்.ஜி.ஆர். வாள் சுழற்றினதைப் பார்த்துத்தானே வளர்ந்தனாங்கள், கெட்டா போனம்?’ என்று கேட்பவர்கள் ஊரில் அநேகம். நியாயமான கேள்விதான். எதிரியின் வாள் கைநழுவினால் அதை எடுத்துக்கொடுத்துவிட்டுச் சண்டையைத் தொடர்ந்த நாயகர் அவர். இன்றைய நாயகன் வாள் நழுவும்வரை காத்திருப்பதில்லை. அந்தப் படமும் ஆண்டில் நாலைந்து தரம் கொட்டகைக்குப் போனால் பார்ப்பது. இன்று அதே வெட்டு முப்பது நொடித் துண்டாக, பின்னணி இசையோடு, ஒரே நாளில் இருபது தரம் விரலுக்கடியில் ஓடுகிறது.

ஆராய்ச்சிகள் என்ன சொல்கின்றன? 1961இல் அமெரிக்காவின் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் அல்பேர்ட் பன்டூரா என்ற உளவியலாளர் மூன்று முதல் ஆறு வயது வரையான 72 பிள்ளைகளைக் கொண்டு ஒரு சோதனை செய்தார். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையைக் குத்தி, சுத்தியலால் அடித்துக் காட்டினார். பார்த்திருந்த பிள்ளைகள் தங்கள் முறை வந்தபோது அந்த அடியையும், அவர் சொன்ன சொற்களையும்கூட அப்படியே திருப்பிச் செய்தார்கள். 1963இல் அதையே படமாகக் காட்டினார். திரையில் பார்த்த பிள்ளைகளும் அடித்தார்கள்.

1965இல் அவர் செய்த சோதனைதான் பஸ்ஸில் கேட்ட விசிலோடு நேரடியாகத் தொடர்புடையது. ஒரே படத்துக்கு மூன்று முடிவு வைத்தார். ஒன்றில் அடித்தவருக்குப் பாராட்டும் பரிசும், ஒன்றில் தண்டனை, மற்றதில் ஒன்றுமே இல்லை. தண்டனையைப் பார்த்த பிள்ளைகள் குறைவாகத்தான் அடித்தார்கள். பிறகு, பார்த்ததைச் செய்து காட்டினால் பரிசு தருவதாகச் சொன்னதும் மூன்று கூட்டமும் ஒரே மாதிரி அடித்துக் காட்டின. அடி எல்லோருக்கும் பாடமாகித்தான் இருந்தது. அதை எப்போது வெளியே எடுக்கலாம் என்பதைப் பாராட்டுத்தான் தீர்மானித்தது.

உளவியலாளர் றோவல் ஹூஸ்மனும் அவரது குழுவினரும் 1977இல் சிக்காகோப் பகுதிப் பிள்ளைகள் 557 பேரைப் பற்றித் தகவல் திரட்டி, அவர்களில் 329 பேரைப் பதினைந்து ஆண்டுகள் கழித்துத் தேடிப் பிடித்தார்கள். முடிவு 2003இல் வெளிவந்தது. சிறுவயதில் வன்முறை நிகழ்ச்சிகளை அதிகம் பார்த்தவர்களும், அடிதடி நாயகனைத் தங்களைப்போல் நினைத்தவர்களும், திரையில் வருவதை நிசமென்று நம்பியவர்களும் வளர்ந்தபிறகு கூடுதலாக வன்போக்குக் காட்டினார்கள். எல்லா ஆய்வுகளும் ஒரே குரலில் பேசுகின்றன என்று சொன்னால் அது பொய். அமெரிக்க உளவியல் சங்கம் 2020இல் வெளியிட்ட தீர்மானத்தில், வீடியோ விளையாட்டுக்கும் கொலை போன்ற கொடுஞ்செயலுக்கும் தொடர்பு உண்டென்று சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. கத்துவது, தள்ளுவது போன்ற சிறிய வன்போக்கோடு தொடர்பு உண்டு என்பதையும் அதே தீர்மானத்தில் சொன்னது. படம் பார்த்த பிள்ளையெல்லாம் வாள் தூக்கும் என்று கரவெட்டியில் ஒருவரும் சொல்லவில்லை.

ஆனால் யாழ்ப்பாணத்தில் வாள் என்பது வெறும் திரைப்பொருள் அல்ல. ‘வாள்வெட்டு’ என்ற சொல் பத்திரிகைத் தலைப்பில் வராத மாதம் குறைவு. வாள்வெட்டுக் கும்பலான ஆவா குழுவின் பெயர் பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். வேலையின்மை, போதைப்பொருள், போருக்குப் பிந்திய வெறுமை என்று அதற்குப் பல வேர்கள் உண்டு. சினிமாவின் தலையில் முழுவதையும் கட்ட முடியாது. இருந்தும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாளோடு நின்று எடுத்த காணொளியை ரிக்ரொக்கில் போட்டு இளைஞர்கள் கைதான செய்தி இங்கே பலமுறை வந்திருக்கிறது. 2018 பெப்ரவரியில் சென்னைக்கு அருகே மலையம்பாக்கத்தில் ரவுடி ஒருவர் பிறந்தநாள் கேக்கை அரிவாளால் வெட்டிய காட்சியும் ஊரெல்லாம் பரவியது. ஒளித்துவைக்க வேண்டிய ஆயுதத்தை ஏன் படமெடுத்துப் போடுகிறார்கள்? பார்க்கிறவர்கள் விசிலடிப்பார்கள் என்ற நம்பிக்கையில்தான்.

இந்த மண்ணுக்கு வன்முறை புதிதல்ல. 1987 மே 26ஆம் திகதி தொடங்கிய இராணுவ நடவடிக்கையைக் கரவெட்டி அடங்கிய வடமராட்சி மறக்கவில்லை. அதே ஆண்டு யூலை 5ஆம் திகதி, படையினர் முகாமிட்டிருந்த நெல்லியடி மத்திய மகா வித்தியாலயத்துக்குள் வெடிமருந்து ஏற்றிய லொறி புகுந்து வெடித்தது. பிள்ளைகள் படிக்கிற கட்டடம் அது. அந்தக் காலத்துப் பிள்ளைகளும் பனைமட்டையைத் துப்பாக்கியாக்கி ஆமியும் இயக்கமுமாகப் பிரிந்து விளையாடினார்கள். போர் முற்றத்தில் நின்றதால் போரை விளையாடினார்கள். அந்த ஆண்டுகள் பிள்ளைகளின் மனத்தில் விட்டுப்போன வடுக்களை உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் விரிவாக எழுதியிருக்கிறார். இன்று ஆரம்பப் பள்ளியில் இருக்கும் பிள்ளை, போர் முடிந்த 2009க்கு வெகுகாலம் பிந்திப் பிறந்தது. ஷெல் சத்தம் கேட்டதில்லை, பங்கருக்குள் இருந்ததில்லை. அதற்குத் தெரிந்த வன்முறை முழுவதும் வலியும் நாற்றமும் கழுவப்பட்டு, இசை சேர்க்கப்பட்டுத் திரையில் வந்தது.

முன்பள்ளி ஆசிரியை ஒருவர் ஒரு கோயில் திருவிழாவில் கண்டதைச் சொன்னார். கச்சான் கடைக்குப் பக்கத்தில் வாங்கின பிளாஸ்ரிக் துப்பாக்கியோடு ஆறு வயதுப் பெடியன் ஒருவன் அம்மம்மாவின் முதுகில் அதன் வாயை வைத்து, ‘ஹான்ட்ஸ் அப்’ என்றான். அம்மம்மா கையிலிருந்த அர்ச்சனைத் தட்டை நிலத்தில் வைத்துவிட்டு இரண்டு கையையும் மெதுவாக உயர்த்தினார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பெடியனும் சிரித்தான். அம்மம்மாவின் கை இறங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது.

ஆகவே இவர்கள் ஊரவர்களிடம் கேட்பது இவைதான்.

பெற்றோரிடம்: இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்குத் திரை வேண்டாம், இரண்டிலிருந்து நாலு வயதுவரை நாளுக்கு ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் சொல்லியிருக்கிறது. ‘ஒரு வாய் வாங்கு ராசா’ என்று போனைக் காட்டிச் சோறு தீத்துவதை நிறுத்துவதிலிருந்து தொடங்கலாம். படம் தொடங்குமுன் வரும் சான்றிதழ் அட்டையைப் பாருங்கள். இந்தியாவில் 2023இல் சட்டம் திருத்தப்பட்டதன் பின் 7, 13, 16 என்று வயது எண் சேர்த்துத்தான் ‘யுஏ’ சான்றிதழ் வருகிறது. பெரிய பிள்ளை பார்த்தே தீருவேன் என்றால் பக்கத்தில் இருங்கள். வெட்டு விழும்போது விசிலடிக்காமல், ‘வெட்டு வாங்கினவனுக்கும் ஒரு தாய் இருப்பாவெல்லோ?’ என்று ஒரு கேள்வி கேளுங்கள். பெற்றோர் இப்படிக் கூட இருந்து பேசும் வீடுகளில் பிள்ளைகளின் வன்போக்குக் குறைவாக இருந்ததை 1999இல் ஏமி நேதன்சன் தம் ஆய்வில் கண்டார்.

பஸ் உரிமையாளர்களிடம்: வீட்டில் என்றால் பிள்ளையை மற்ற அறைக்கு அனுப்பலாம். ஓடுகிற பஸ்ஸில் மற்ற அறை இல்லை. பிள்ளைகள் ஏறும் சேவையில் எல்லோரும் பார்க்கக்கூடிய படத்தைப் போடுங்கள்.

கோயில் பரிபாலன சபைகளிடம்: திருவிழாக் கடைகளுக்கு இடம் கொடுக்கும்போது விளையாட்டுத் துப்பாக்கியும் பிளாஸ்ரிக் வாளும் விற்பதில்லை என்று ஒரு நிபந்தனை சேருங்கள்.

முன்பள்ளிகளிடமும் சனசமூக நிலையங்களிடமும்: கலைவிழா மேடையில் நாலு வயதுப் பிள்ளைக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டு, கையில் துப்பாக்கி கொடுத்து ஆடவிடாதீர்கள். ‘கூடி விளையாடு பாப்பா’ போன்ற சிறுவர் நாடகங்களை எழுதிய குழந்தை ம. சண்முகலிங்கம் வாழ்ந்த யாழ்ப்பாணம் இது. மேடைக்குச் சரக்கு இல்லாத ஊர் அல்ல. வாடைக்காற்று தொடங்கினால் வடமராட்சி வானம் முழுக்கப் பட்டம். கொக்கும் பிராந்தும் எட்டுமூலையும் கட்டத் தெரிந்த, விண் பூட்டத் தெரிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. சனிக்கிழமைகளில் அந்தக் கைகளைப் பிள்ளைகளிடம் கொண்டுவாருங்கள்.

இளைஞர்களிடம்: வாள்வெட்டுக் காணொளி வட்ஸ்அப்பில் வந்தால் அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். உங்கள் தம்பி தங்கையின் போனில்தான் அது போய் முடியும்.

அதிகாரிகளிடம்: நலனுக்குத் தீங்கான தகவல்களிலிருந்தும் உள்ளடக்கங்களிலிருந்தும் பிள்ளையைக் காக்கப் பொருத்தமான வழிகாட்டல்கள் உருவாவதை ஊக்குவிக்குமாறு சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 17ஆம் உறுப்புரை சொல்கிறது. இலங்கை அதை 1991இல் ஏற்றுக்கொண்டது. தூரப் பயண பஸ்களில் காட்டும் படங்களுக்கு ஒரு விதியாவது வகுக்கலாம்.

ஒரு பிள்ளை துன்புறுத்தப்படுகிறது, மிரட்டப்படுகிறது என்று அறிந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 என்ற இலக்கத்துக்கு இரவு பகல் எந்நேரமும் அழைக்கலாம். கட்டணம் இல்லை. தமிழிலும் பேசலாம்.

மற்றதெல்லாம் மெல்ல நடக்கட்டும். ஒன்றை இந்தக் கிழமையே தொடங்கலாம். கொழும்பு பஸ்ஸுக்கு ஆசனம் பதியும்போதே, ‘இண்டைக்கு என்ன படம் போடுறியள்? பிள்ளையோட வாறம்’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.